வாயில் தண்ணீரோடு நின்ற டைரக்டர்

போன வாரம் பல் டாக்டரிடம் போயிருந்தேன். எனக்கு மிச்சமிருக்கிற பற்கள் சொற்பம். ஆனாலும் வலிக்கிற பல்லுக்கு அதெல்லாம் தெரிவதில்லை. டாக்டர் சின்னப் பெண். கிராம்பு மணக்கும் ஏதோ மருந்துத் தண்ணீரை என் வாயில் ஊற்றிவிட்டு, "ரெண்டு நிமிஷம் அப்படியே வச்சிருங்க டீச்சர். முழுங்காதீங்க, துப்பாதீங்க, முக்கியமா பேசாதீங்க" என்றாள்.

அவ்வளவுதான், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மருந்தில் பாதி என் புடவையில், மீதி அவளுடைய வெள்ளைக் கோட்டில். "இன்னா டீச்சர், காரமா இருந்துச்சா?" என்று கேட்டாள், பாவம். அவளுக்கு எப்படிச் சொல்வது? ஒரு மே மாதத்தில் நாள் கணக்காக, வாயில் தண்ணீரை அடக்கிக்கொண்டு நின்ற ஒரு மனிதருக்குப் பக்கத்தில் செம்பும் கையுமாக நின்றவள் நான். அவர் சினிமா டைரக்டர். அதற்குச் சில நாள் முன்பு வரை தோல்பொம்மை ஆட்டிக்கொண்டிருந்தவர். அவளிடம் சொல்லாமல் விட்டதை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அவர் பெயர் பீமோஜி ராவ். வீட்டில் மராட்டி பேசுவார், திரைக்குப் பின்னால் தெலுங்கு, சந்தையில் தமிழ். திட்டுவதென்றால் மூன்றும் சேர்ந்து வரும். நான் அப்போது சித்தூரில் மிஷன் பெண்கள் பள்ளியில் தையல் டீச்சர். சித்தூர் அன்றைக்குச் சென்னை ராஜதானியில் ஒரு ஜில்லா. இரண்டாம் உலக யுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முந்தின காலம். ஒரு நாள் மத்தியானம், தலைப்பாகை கட்டின ஆள் ஒருவர், மடித்த வெள்ளைத் துணியைக் கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, திரைக்கு ரெண்டு துணியை ஒட்டித் தைக்கணும். ஆனா தையல் தெரியக்கூடாது."

"தையல்னா கொஞ்சம் தெரியத்தான் செய்யும், ராவ்காரு."

"போன வாட்டி தச்சவன் நடுவுல கோடு வுட்டுட்டான். ராஜா நல்லாத்தான் நடந்துக்கினு வந்தாரு. கோட்டாண்ட வந்ததும், அவர் ஏதோ வாய்க்கால் தாண்டறாருன்னு ஜனங்க நெனச்சிக்கினாங்க. தொபுக்குனு வுழுவாருன்னு காத்துக்கினு இருந்தாங்க, வுழவே இல்ல. கதையே கெட்டுப்போச்சி."

எனக்குத் தையலில் கொஞ்சம் கர்வம் உண்டு. வெட்டிய ஓரங்களை உள்ளே மடித்து, நகத்தால் நீவி, இரண்டு பக்கமும் தட்டையாகத் தைத்துக் கொடுத்தேன். சோதித்துப் பார்க்க வகுப்பறை ஜன்னல்களைச் சாத்தினோம். அவர் திரையைக் கட்டி, பின்னால் விளக்கை ஏற்றி, ஒரு ராணி பொம்மையையும் ராஜா பொம்மையையும் எடுத்தார். தையலைப் பார்க்க ஒரு தடவை இப்படியும் அப்படியும் நடத்தினால் போதும். ஆனால் அவரால் அது முடியாது. பொம்மை கையில் வந்ததும் வாய் திறந்துவிடும். ராணி மெல்லிய குரலில் கோபித்துக்கொண்டாள், ராஜா கனத்த குரலில் சமாதானம் சொன்னார், காலுக்குக் கீழே வைத்திருந்த பலகையை அவர் தொம்தொம்மென்று மிதித்தபோது இடி இடித்தது. என் மாணவிகள் ஊசியைப் பிடித்த கை பிடித்தபடி இருந்தார்கள். சத்தம் கேட்டுக் கண்டிக்க வந்த தலைமையாசிரியை, ராணி சமாதானமாகும் வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கண்டித்தார்.

அந்த வருஷம் ரங்கய்யா செட்டியாருக்கு சினிமாப் பைத்தியம் பிடித்தது. சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்தவர். தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவார். பட்டணத்திலிருந்து ஒரு டைரக்டரையும், ஒலிப்பதிவு மெஷின் பொருத்திய ஒரு லாரியையும் வாடகைக்குக் கொண்டுவந்து, திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டில் இருந்த தன் வெல்லக் கிடங்கையே ஸ்டுடியோ ஆக்கிவிட்டார். கணவனால் காட்டுக்கு விரட்டப்படும் ஒரு ராணியின் கதை. படத்தின் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை, அதனால் விடுங்கள். கல்யாணக் காட்சியில் பொம்மலாட்டம் காட்ட பீமோஜியை அமர்த்தினார். உடுப்புகள் தைக்க ஆள் வேண்டும் என்றபோது பீமோஜி என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

என் நைனா, அதாவது அப்பா, கிறிஸ்தவ சபையில் உபதேசியார். அவரிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லை. சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டே, "உடுப்பு தைக்கிறது பாவம் இல்ல. போட்டுக்கினு ஆடறது அவங்க பாடு. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வந்துடு" என்றார். நைனாவுக்குள் இவ்வளவு நியாயம் இருந்ததை அன்றுதான் கண்டேன்.

இப்போதும் வெல்லம் உடைத்தால், அந்த வாசனையோடு வெல்வெட் துணி ஞாபகம் எனக்கு வருகிறது. கிடங்கைக் கழுவித் துடைத்தாலும் சுவரில் ஊறிய வெல்லம் எங்கே போகும்? மே மாத வெயிலில் சுவரே வியர்த்தது. ராஜாவின் அங்கி முதுகோடு ஒட்டிக்கொள்ளும். உரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டும். எறும்புகளுக்கோ வாழ்க்கையிலேயே பெரிய திருவிழா. நான்காம் நாள் ராணியின் கிரீடத்துக்குள் எறும்பு புகுந்தது. ராணியாக நடித்தவர் காஞ்சிபுரம் நாடகக் கம்பெனியிலிருந்து வந்த கனகாம்புஜம் அம்மாள். அவர் போட்ட கூச்சல் திருமலை உச்சி வரை கேட்டிருக்கும். பட்டணத்து டைரக்டர், "இது ஸ்டுடியோவா, எறும்புப் புத்தா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கே ரயில் ஏறிவிட்டார்.

லாரி மாதக் கடைசி வரைக்கும்தான். வேறு டைரக்டர் வருவதாக இல்லை. செட்டியார் கிடங்கு வாசலில் மேலும் கீழும் நடந்தார். ஓரமாக உட்கார்ந்து பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்த பீமோஜியின் முன்னால் வந்து நின்றார்.

"ஏமய்யா பீமோஜி, நீ தோலையே அழ வைக்கிறவன். மனுசாளை அழ வைக்க மாட்டியா?"

"மனுசாள் தானாவே அழுவாங்க செட்டியாரே. நிறுத்தறதுதான் கஷ்டம்."

அப்படித்தான் அவர் டைரக்டர் ஆனார். சாயங்காலம் என்னிடம் வந்து, "காலர் வச்ச சட்டை ஒண்ணு தச்சிக் குடுங்க டீச்சரம்மா. டைரக்டருன்னா காலர் இருக்கணுமாமே" என்றார். கழுத்தளவு எடுக்க நாடாவைச் சுற்றினேன். விரலுக்கடியில் அவருடைய நாடி ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அளவையே மறந்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் சிரித்துப் பேசிய மனிதர், உள்ளே அப்படிப் பயந்திருந்தார்.

மறுநாள் காலர் சட்டையோடு வந்தார். மூன்று நாள் மளமளவென்று படம் பிடித்தார். எல்லோரையும் பக்கவாட்டில் நிற்க வைத்தார். ஒருவரும் காமிராவை நோக்கி வரவில்லை. திரைத்துணியில் ஒட்டிக்கொண்ட மாதிரி இடமிருந்து வலம் போனார்கள், வலமிருந்து இடம் வந்தார்கள். எங்களுக்கு அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. காமிராக்காரர் மட்டும் பெருமூச்சு விட்டார்.

பிடித்த படத்தைப் பட்டணத்துக்கு அனுப்பிக் கழுவி, ரயிலில் திரும்ப வரவழைத்தார்கள். திருப்பதியில் ஒரு டூரிங் கொட்டகையில், காலையிலேயே நாலு பக்கமும் துணி கட்டி வெளிச்சத்தை மறைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தோம்.

ராஜா வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்கு ஒரு கணம் முன்பே, "அடி ராணி!" என்று இன்னொரு குரல் கேட்டது. பிறகு ராஜா, "அடி ராணி!" என்றார். ராணி பதில் சொல்வதற்கு முன்பே ஒரு ஆண்பிள்ளை மெல்லிய குரலில், "சுவாமி!" என்றான். அப்புறம் ராணி, "சுவாமி!" சேனாபதி வரும்போது தொம்தொம்மென்று இடி. காவல்காரன், மந்திரி, தோழிப் பெண், எல்லோருக்கும் முன்னால் பீமோஜியின் குரல். இருபது வருஷமாக எல்லாப் பாத்திரத்தையும் தானே பேசிப் பழகிய வாய். முணுமுணுக்கிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் நடிக்கும்போதே குரலையும் பிடித்துவிடுவார்கள். மெஷினுக்கு ராஜா யார், டைரக்டர் யார் என்று தெரியாது. சவுண்டு எஞ்சினியர் பட்டணத்து ஆள், மரியாதைக்காரர். "நான் அப்பவே சைகை காட்டினேன். உற்சாகப்படுத்தறேன்னு நெனச்சுண்டுட்டார்" என்றார்.

முதலில் சிரித்தவர் செட்டியார்தான். தொந்தி குலுங்கச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அது தன்னுடைய படம் என்பது அவருக்கு உறைத்தது.

"இன்னும் மூணு நாளு பாக்கறேன். மறுபடியும் ரெண்டு குரல் கேட்டுச்சோ, லாரியத் திருப்பி அனுப்பிட்டு வெல்லத்துக்கே போயிடறேன். அர்த்தமாயிந்தா?"

பீமோஜி கிடங்குக்கு வந்து, நான் தைத்துக்கொண்டிருந்த இடத்தில் கீழே உட்கார்ந்தார். காலர் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினார். "ஒதட்ட ஒட்டித் தச்சி வுட்ருங்க டீச்சரம்மா. நீங்கதான் தையல் தெரியாம தைப்பீங்களே" என்றார். பாதி வேடிக்கையாகத்தான் சொன்னார், கண் மட்டும் வேடிக்கையாக இல்லை.

எனக்கு என் வகுப்பு ஞாபகம் வந்தது. வாயாடிப் பெண்கள் சிலர் உண்டு. எத்தனை அதட்டினாலும் அடங்க மாட்டார்கள். ஒரு வாய் தண்ணீரைக் கொடுத்து, "இந்தப் பூத்தையல் முடியற வரைக்கும் வாயிலேயே வச்சிரு" என்பேன். பூவும் முடியும், வகுப்பும் அமைதியாக இருக்கும். அதை அவரிடம் சொன்னேன். குழந்தை வைத்தியம் என்று கோபிப்பாரோ என்றுகூட நினைத்தேன். அவர் எழுந்துபோய் செம்பை எடுத்துவந்துவிட்டார்.

வாயை மூடியாயிற்று. ஆனால் காட்சி முடிந்ததும் நிறுத்தச் சொல்ல வேண்டுமே! முதல் தடவை ராஜாவும் ராணியும் பேசி முடித்துவிட்டு நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள். பீமோஜி கன்னம் உப்பக் கையை ஆட்டினார். காமிராக்காரருக்குப் புரியவில்லை. படச்சுருள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் கத்தரிக்கோலை நீட்டிச் சொல்கிற அதே குரலில், "கட்!" என்று கத்திவிட்டேன். லாரிக்குள்ளிருந்தவர் உட்பட எல்லோரும் சட்டென்று நின்றார்கள்.

அன்றிலிருந்து அந்த வேலை எனக்கு வந்து சேர்ந்தது. அவர் முழங்கையால் என்னை லேசாக இடிப்பார், நான் சொல்வேன். அவர் காலுக்குக் கீழே பழைய மெத்தையொன்றைப் போட்டோம், இடியும் நின்றது. ஒருமுறை விதூஷகன் வேடிக்கை செய்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரைக் காமிராவின் மேலேயே பீச்சிவிட்டார். அதைத் தவிர எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. செட்டியாரின் மூன்று நாள் கெடுவும் தாண்டியது.

இருந்தாலும் கைப்பழக்கம் ஒன்று இருந்தது பாருங்கள், அது போகவில்லை. ஒத்திகையில் நடிகர்களின் முழங்கையைப் பிடித்துத் தூக்குவார், இறக்குவார், தோளைத் திருப்புவார். மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். கனகாம்புஜம் அம்மாள் பத்து வருஷம் மேடை ஏறினவர். ராணி அரண்மனையை விட்டுக் காட்டுக்குப் போகிற காட்சி. படத்துக்கே உயிர் அதுதான். அன்று காலை, ஐந்தாம் முறையாக பீமோஜி அவர் கையைத் தூக்கி வைத்தபோது அந்த அம்மாள் உதறிவிட்டார்.

"நான் என்ன தோலா? ரத்தமும் சதையுமா இருக்கற பொம்பளை ஐயா! கொம்பைக் கட்டி ஆட்டற வேலையெல்லாம் வேற எங்கயாவது வச்சுக்கங்க!"

பதில் சொல்ல பீமோஜியால் முடியவில்லை. படம் பிடிக்கத் தயாராகி அப்போதுதான் வாய் நிறையத் தண்ணீர் விட்டிருந்தார். துப்ப இடம் தேடி, துப்பிவிட்டு வருவதற்குள் அந்த அம்மாள் ஜட்காவில் ஏறிவிட்டார். ரேணிகுண்டாவில் பட்டணத்து ரயிலைப் பிடிக்க.

இன்னொரு ஜட்காவில் நானும் அவரும் பின்னால் போனோம். வழியெல்லாம் அவர் ராணி பொம்மையின் கைகளை ஆட்டுகிற இரண்டு மூங்கில் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் போய்விட்டால் படம் இல்லை. படம் இல்லையென்றால், மனிதர்களை ஆட்டப் போய்த் தோற்றவன் என்று ஊர் சிரிக்கும். வேடிக்கை காட்டுவது அவர் தொழில், வேடிக்கைப் பொருளாக ஆகிப் பழக்கமில்லை.

பிளாட்பாரத்தில் தகரப் பெட்டியின் மேல் கனகாம்புஜம் அம்மாள் உட்கார்ந்திருந்தார். "பேசாதீங்க" என்றார் எங்களைப் பார்த்ததும்.

"பேசல. தண்ணி இல்லாமலே பேசல" என்று சொல்லிவிட்டு, பீமோஜி அந்தக் குச்சிகளை அவர் கையில் கொடுத்தார். இரண்டு முழங்கைகளையும் நீட்டிக்கொண்டு எதிரில் நின்றார். "நீங்க ஆட்டுங்கம்மா. ராணி வூட்ட வுட்டுப் போறா. எப்டிப் போவா? எனக்குத் தெரியாதுன்னு இப்பத்தான் தெரிஞ்சிது. காட்டுங்க, நான் போறேன்."

அந்த அம்மாள் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, கோபத்தோடுதான், குச்சியால் அவர் முழங்கையை ஒரு தட்டுத் தட்டினார். கை உயர்ந்தது. இன்னொரு தட்டு. தலை குனிந்தது. மொட்டை போட்ட யாத்ரீகர்கள் கூடினார்கள். கடலை விற்கிறவன் கூடையை இறக்கி வைத்தான். மீசையும் காலர் சட்டையுமாக ஒரு ஆள் ராணி போல நடந்துபோகிறார், ஒரு பெண் குச்சியால் ஆட்டுகிறார். யாராவது சிரித்திருக்க வேண்டும், ஒருவரும் சிரிக்கவில்லை. நாலு அடி போனதும் பீமோஜி வழக்கம்போல நின்று, துக்கத்தோடு பின்னால் திரும்பிப் பார்க்கப் போனார். பொம்மையை அப்படித்தான் திருப்புவார்.

"திரும்பாதீங்க!" என்றார் அந்த அம்மாள். குரல் மாறியிருந்தது. "திரும்பிப் பாத்தா அவளால போக முடியாதுய்யா. நான் ஒரு வீட்டை விட்டு வந்தவ. எனக்குத் தெரியும்."

பீமோஜி அப்படியே நின்றார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதற்குள் ரயில் வந்தது, யாத்ரீகர்களை ஏற்றிக்கொண்டு போயும்விட்டது. பெட்டி பிளாட்பாரத்திலேயே இருந்தது.

"பெட்டியை யாராவது தூக்குங்க. வெயில் போறதுக்குள்ள எடுத்துடலாம்" என்றார் கனகாம்புஜம் அம்மாள்.

சந்திரகிரிக் கோட்டை வாசலில் அன்று பிற்பகலே எடுத்தோம். இந்தத் தடவை பீமோஜி அவரைத் தொடவில்லை. பக்கவாட்டில் நிற்கவும் சொல்லவில்லை. ராணி காமிராவுக்கு நேராக நடந்து வந்தார், திரும்பிப் பார்க்காமல். வந்து, ஒரு கணம் நின்று, கண்ணை மூடித் திறந்தார். அந்தக் கணத்தில் என் பக்கத்தில் 'மொடக்' என்று ஒரு சத்தம். டைரக்டர் தண்ணீரை முழுங்கிவிட்டார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அது வாயிலிருந்து வந்த தண்ணீர் இல்லை. என்னை இடிக்கவும் மறந்துவிட்டார். நானாகத்தான் "கட்" சொன்னேன்.

அந்த 'மொடக்' படத்தில் விழுந்துவிட்டது. மறுபடி எடுக்க வேண்டும் என்றார் சவுண்டு எஞ்சினியர். போட்டுப் பார்த்த செட்டியார், "ராணி துக்கத்தை முழுங்கறாய்யா! எவனாச்சும் அதை வெட்டினா அவனை நான் வெட்டுவேன்" என்றார். படம் வெளியானபோது சித்தூரில் அந்த இடத்தில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுததைக் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு முழுங்கலுக்காகக் கனகாம்புஜம் அம்மாளை எல்லோரும் புகழ்ந்தார்கள். அவரும் நாங்களும் மூச்சு விடவில்லை.

என் நைனாகூட ஒரு மத்தியான ஆட்டத்துக்குப் போய்வந்தார். சபைக்குத் தெரியாமல், குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு. வந்து, "நீ எங்கயும் வரலியே?" என்றார்.

"நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை நைனா. அதை மட்டும் எல்லா இடத்துலயும் வெட்டி எறிஞ்சிட்டாங்க."

அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்ததுமே நான் ஊசிக்குத் திரும்பியிருந்தேன். படம் ஓடியதைப் பார்த்துப் பட்டணத்தில் ஒரு கம்பெனி பீமோஜியைக் கூப்பிட்டது. "வாங்க டீச்சரம்மா, கட் சொல்ல" என்று நேரில் வந்து அழைத்தார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். போயிருக்கலாம் என்று ஒரு வருஷம் நினைத்தேன். பிறகு நினைக்க நேரமில்லை, கல்யாணம் ஆகிவிட்டது. பீமோஜியின் மனைவி தானுபாயே கூடப் போய் அந்த வேலையைப் பார்த்தார். என்னைவிடப் பெரிய குரல். பட்டணத்தில் பீமோஜி ஐந்தாறு படங்கள் எடுத்தார். இரண்டு நன்றாக ஓடின, ஒன்று ஓடவே இல்லை, மற்றவை நடந்தன. அவர் வாயில் தண்ணீர் வைத்திருப்பதைப் பார்த்த புதுப் பையன்கள் சிலர், அது ஏதோ பெரிய டைரக்டர்களின் ரகசியம் என்று நம்பி, தாங்களும் செம்பு வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கடைசியாகச் சித்தூர் வந்தபோது அவரே இதைச் சொல்லிச் சிரித்தார். தலை நரைத்திருந்தது. காலர் சட்டைதான் போட்டிருந்தார். "இப்பல்லாம் யாரையும் தொடறதில்ல டீச்சரம்மா. மொதல்ல, நீ எப்டிப் போவேன்னு கேக்கறேன்" என்றார்.

அவரும் இல்லை, கனகாம்புஜம் அம்மாளும் இல்லை. அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட எங்கேயும் இல்லை. கடைசிப் பிரதி செட்டியார் வீட்டுப் பரணில் எத்தனையோ கோடைகளில் வெந்து, திறந்து பார்த்தபோது பாகாக இளகிக் கிடந்ததாம். அவருடைய பேரன் வருத்தத்தோடு சொன்னான். வெல்ல வியாபாரி வீட்டில் அது வேறு எப்படி ஆகும் என்று நான் நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

போன வருஷம் சந்திரகிரியில் ஏதோ படம் பிடிக்கிறார்கள் என்று என்னையும் அழைத்துப் போனார்கள். ஜெனரேட்டர் உறுமியது. ஒலிபெருக்கியில் ஒருவர் கத்திக்கொண்டே இருந்தார். நடித்த பெண் பேசியது பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. குரலை அப்புறம் தனியாகச் சேர்த்துக்கொள்வார்களாம், யாரும் வாயை மூட வேண்டியதில்லையாம். நல்லதுதான், எறும்பு கடித்தாலும் பயமில்லாமல் கத்தலாம்.

எங்கள் நாளில், மெஷின் ஓட ஆரம்பித்ததும் ஜட்காக்காரன் இறங்கிவந்து குதிரையின் கழுத்துச் சலங்கையை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வான். குழந்தைகளைத் தாய்மார் மார்போடு அணைத்துக்கொள்வார்கள். மலைக்குப் போகிற யாத்ரீகர் கூட்டம், பாதி சொன்ன கோவிந்தாவைத் தொண்டையிலேயே நிறுத்திவிட்டு, ரோட்டின் நடுவில் அசையாமல் நிற்கும். சினிமா என்றால் என்னவென்றே அவர்களில் பல பேருக்குத் தெரியாது. யாரோ ஒரு ராணி போகிறாள், சத்தம் போடக்கூடாது, அவ்வளவுதான் தெரியும். நான் "கட்" சொன்னதும் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சு விடுவார்கள். மரத்தில் காற்று வந்த மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் மட்டும் எந்தச் சுருளிலும் பதிவாகவில்லை. நான் "கட்" என்றதும் மெஷினை நிறுத்திவிடுவார்களே.